முன்பல்லில் அடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் போன் அடித்தாலே என்ன விஷயம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். "டாக்டர், பையனுக்குப் பந்து பட்டுருச்சு, முன்பல் போச்சு." பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்கும். அழுவது அநேகமாகப் பையன் இல்லை, அம்மா.

கோவில்பட்டிப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஹாக்கிக்குப் பேர்போன வட்டாரம், கிரிக்கெட்டும் கபடியும் அதற்குச் சளைத்ததில்லை. அதனால் முன்பல் கேஸுக்கும் பஞ்சமில்லை. போனில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மீதியை டாக்டர் கூப்பிடும் வரை பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

பல் வேரோடு விழுந்துவிட்டது. இந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் பிள்ளையைப் பாருங்கள். மயங்கி விழுந்தானா, வாந்தி எடுக்கிறானா, பேச்சு குழறுகிறதா, ரத்தம் நிற்காமல் கொட்டுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் அப்புறம்.

பிள்ளை தெளிவாக இருந்தால் பல்லைத் தேடுங்கள். வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள், இரண்டும் இல்லையென்றால் அவனுடைய எச்சிலே போதும். தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். பிறகு விழுந்த குழியிலேயே திருப்பி வையுங்கள். முன்பக்கம் எது என்று குழப்பம் வந்தால் பல்லைத் திருப்பிப் பாருங்கள்: உதட்டுப் பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், நாக்குப் பக்கம் கரண்டி போலக் குழிந்திருக்கும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வரும்வரை விரலால் மெதுவாக அழுத்துங்கள். சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்து, அதைக் கடித்தபடியே பல் மருத்துவரிடம் வரச் சொல்லுங்கள்.

திருப்பி வைக்க முடியவில்லை என்றால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்து வாருங்கள். வரும் வழியிலேயே போன் செய்துவிடுங்கள். கிளினிக் பூட்டியிருந்தாலும் திறந்து வைப்போம்.

நானே வைப்பதா? எனக்குக் கை நடுங்குகிறது. அவனுக்கு வலிக்காதா?

கை நடுங்கும்தான். அவனுக்கும் கொஞ்சம் வலிக்கும். ஆனால் அடிபட்ட முதல் சில நிமிடங்களில் அந்த இடம் பாதி மரத்துப்போயிருக்கும், அரை மணி கழித்து வலிப்பதைவிட அப்போது குறைவாகவே வலிக்கும்.

ஒரு முறை பள்ளி மைதானத்திலிருந்து நேராக ஒரு பி.டி. சார் பையனைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். சட்டை முழுக்க ரத்தம். பையன் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு இருந்தான். எடுத்துப் பார்த்தால் விழுந்த பல் குழிக்குள் இருக்கிறது, கால் சுற்று திரும்பி, கோணலாக. சார் தயங்கித் தயங்கி, "தப்பாச் செஞ்சுட்டேனா டாக்டர்?" என்றார். நான் மரக்க ஊசி போட்டு அந்தப் பல்லை நேராக்கிக் கம்பி கட்டினேன், அவ்வளவுதான் என் வேலை. அது பிழைத்ததற்குக் காரணம் மைதானத்தில் அவர் செய்தது. கோணலாக வைத்ததை நான் சரிசெய்ய முடியும். பேப்பரில் மடித்து, காய வைத்து, மறுநாள் கொண்டுவந்த பல்லை அப்படிச் சரிசெய்ய என்னால் முடியாது.

ஏன் இவ்வளவு அவசரம்? பல் என்ன கெட்டுப்போகிற பொருளா?

ஆமாம், கெட்டுப்போகிற பொருள்தான். பல்லைத் தாடை எலும்போடு பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய நார்ச்சவ்வு, கனம் சுமார் கால் மில்லிமீட்டர். பல் விழும்போது அந்தச் சவ்வு கிழிந்து பாதி குழியிலும் பாதி வேரின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. வேர்மேல் இருக்கும் அந்தப் பாதியில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை உயிரோடு இருந்தால் சவ்வு மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெறும் காற்றில் கிடந்தால் அரை மணிக்குள் பெரும்பகுதி செத்துவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

செத்த வேரையும் திருப்பி வைக்கலாம், வைப்போம். பார்வைக்குப் பல் பிடித்துக்கொண்டது போலவே இருக்கும், தட்டினால் கணீரென்று உலோகச் சத்தம் வரும். உள்ளே நடப்பது வேறு. சவ்வு இல்லாததால் எலும்பு அந்த வேரைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கரைத்து அந்த இடத்தை நிரப்புகிறது. வளரும் வயதில் இது சீக்கிரம் நடக்கும். சில வருடங்கள் கழித்து வேர் இல்லாமல் தலை மட்டும் மிஞ்சும். வேரைத் தொடாதே, தேய்க்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் இந்தச் சவ்வுக்காகத்தான்.

பாலில் போடச் சொல்கிறீர்களே, எந்தப் பால்? தண்ணீர் போதாதா? இளநீர்?

பன்னாட்டுப் பல் காயவியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் வீட்டில் கிடைக்கும் பொருள்களில் பால்தான் முதலிடம். உப்பும் அமிலத்தன்மையும் நம் உடம்பு நீருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பதப்படுத்திய பாலில் கிருமியும் குறைவு, எந்தத் தெருவிலும் கிடைக்கிறது. ஆவின் நீலப் பாக்கெட்டா பச்சையா என்று கேட்டவர்கள் உண்டு. எதுவானாலும் சரி, குளிர்ந்திருந்தால் நல்லது. சூடான பால், சர்க்கரை போட்ட பால், டீக்கடைப் பால் வேண்டாம். தயிரும் மோரும் புளித்தவை, அவை பாலுக்குப் பதிலாகாது.

பால் இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் சலைன் பாட்டில் வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு டம்ளரில் அவனை எச்சில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். வாயிலேயே கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள் சிலர். பதற்றத்தில் விழுங்கிவிட வாய்ப்பு இருப்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

தண்ணீரில் சிக்கல் என்னவென்றால், அதில் உப்பு இல்லை. பாயசத்தில் போட்ட கிஸ்மிஸ் உப்புவது போல வேரின் செல்கள் தண்ணீரை இழுத்து உப்பி வெடித்துவிடும். ஆனாலும் காய விடுவதைவிடத் தண்ணீர் மேல். வேறு எதுவுமே இல்லையென்றால் அதில் போடுங்கள்.

இளநீர் கதை சுவாரஸ்யமானது. 2008-இல் இந்தியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, செல்களை உயிரோடு வைத்திருப்பதில் இளநீர் பாலைவிட மேல் என்றது. நம் ஊர் மைதானத்துக்கு வெளியே இளநீர் வண்டி நிற்காத இடம் உண்டா, எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். பின்னால் வந்த வேறு ஆய்வுகள் அதன் அமிலத்தன்மையைக் காட்டிப் பால்தான் மேல் என்றன. என் பதில்: பால் கிடைத்தால் பால். பால் கிடைக்க அரை மணி ஆகும், இளநீர் கையில் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டாம், அதில் போடுங்கள்.

பல் பாதி உடைந்துவிட்டது. துண்டு கையில் இருக்கிறது. ஒட்ட முடியுமா?

பல நேரங்களில் முடியும். சுத்தமாக உடைந்த துண்டு என்றால் பழைய பல்லின் நிறமும் பளபளப்பும் அப்படியே திரும்பக் கிடைக்கும், எவ்வளவு நல்ல ஃபில்லிங்கும் அதற்கு ஈடாகாது. துண்டை ஈரத்திலேயே வையுங்கள். இதற்குத் தண்ணீரே போதும், இங்கே காப்பாற்ற செல் எதுவும் இல்லை. காய்ந்த துண்டு சுண்ணாம்பு போல வெளுத்துவிடும், அதனால் ஒட்டுவதற்கு முன் இருபது நிமிடமாவது ஊற வைப்போம்.

வீட்டிலேயே ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதைச் சுரண்டி எடுப்பதிலேயே விளிம்பு போய்விடும், அப்புறம் நான் ஒட்டினாலும் பொருந்தாது.

துண்டு கிடைக்கவில்லை என்றால் பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற ஃபில்லிங் பொருளை வைத்துக் கட்டுவோம். ஒரே உட்காரலில் முடியும். அது ஆயுளுக்கும் வராது, நிறம் மங்கும், விளிம்பு உதிரும், சில வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் பல்லைச் செதுக்கி கேப் போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பல்லின் மேலோடான நல்ல எனாமலைத் தேய்த்து எடுத்தால் திரும்ப வராது.

இன்னொன்று. துண்டு மைதானத்திலும் இல்லை, வாயிலும் இல்லை என்றால் அது எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். கீழுதடு வீங்கிக் கிழிந்திருந்தால் பல்துண்டு அதற்குள்ளேயே புதைந்திருக்கலாம். உதட்டுக்கு மட்டும் ஓர் எக்ஸ்-ரே எடுத்தால் அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாகத் தெரியும். கவனிக்காமல் தையல் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் உள்ளே உறுத்திக்கொண்டே கிடக்கும். அடிபட்டதிலிருந்து விடாமல் இருமுகிறான் என்றால் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. "நரம்பு வெளியே வந்துவிட்டது, ரூட் கேனால்தான்" என்கிறார்கள். கட்டாயமா?

இந்த வயதில் பெரும்பாலும் கட்டாயமில்லை. சிவப்புப் புள்ளி பற்கூழ். நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது அதைத்தான், நரம்போடு ரத்தக் குழாய்களும் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு அது தெம்பாக இருக்கும், ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும், ஆறும் சக்தி அதிகம். மேலாக சுமார் 2 மி.மீ. மட்டும் எடுத்துவிட்டு, ரத்தம் நின்றதும் மருந்து வைத்து மூடிவிட்டால் மீதிக் கூழ் உயிரோடு இருக்கும். 1978-இல் ஸ்வீடனின் பல் மருத்துவர் மியோமிர் சுவெக் இப்படிச் செய்த 60 பற்களில் 58 நன்றாக இருந்ததாக எழுதினார். சில பற்கள் அவரிடம் வந்தது அடிபட்டுப் பல வாரங்கள் கழித்து. அவர் வைத்தது கால்சியம் ஹைட்ராக்சைடு, இப்போது எம்.டி.ஏ., பயோடென்டின் போன்ற சிமென்ட் வகை மருந்துகளை வைக்கிறோம்.

பல் உடைந்ததோடு நிற்காமல் இடமும் பெயர்ந்திருந்தால் கணக்கு மாறும். வேரோடு விழுந்து திருப்பி வைத்த பல்லுக்கு, வேர் நுனி மூடிய வயதில், ரூட் கேனால் வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிப்போம். மேல் நடுப் பற்களின் வேர் நுனி பத்து வயது வாக்கில் மூடிவிடும், ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கும் இது பொருந்தும்.

பல் உடையவில்லை, விழவில்லை, கொஞ்சம் ஆடுகிறது. தானாகச் சரியாகிவிடுமா?

லேசான ஆட்டம் தானாகவே நிற்கலாம். ஆனாலும் எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் ஈறுக்குள் வேர் முறிந்திருப்பது வெளியே தெரியாது. பல் நீண்டு தொங்குவது, உள்ளே செருகியது போலக் குட்டையாகத் தெரிவது, நாக்குப் பக்கம் சாய்ந்து வாயை மூட விடாமல் தடுப்பது எல்லாம் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. உள்ளே செருகிய பல்தான் எனக்கு அதிகம் கவலை தரும். வலி குறைவு, ரத்தம் குறைவு, "பல் கொஞ்சம் சின்னதாயிடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வேரைச் சுற்றிய சவ்வு நசுங்கிப்போயிருக்கும்.

மோவாயில் அடிபட்டு விழுந்திருந்தால் காதுக்கு முன்னால் தொட்டுப் பாருங்கள். அங்கே வலியோ, வாய் திறக்கும்போது ஒரு பக்கம் இழுப்பதோ இருந்தால் தாடை மூட்டு முறிந்திருக்கலாம். மோவாய்க்கு மட்டும் நாலு தையல் போட்டு அனுப்பிவிட, மூட்டு முறிவு ஒரு மாதம் கழித்துத் தெரியவந்த பிள்ளைகள் உண்டு.

வீட்டில் கிராம்பு எண்ணெய், மஞ்சள் வைக்கலாமா? வலிக்கு என்ன மாத்திரை?

வைக்க வேண்டாம். திறந்த கூழில் கிராம்பு எண்ணெய் பட்டால் எரிச்சல், அதோடு காம்போசிட் சரியாக இறுகாமலும் கெடுத்துவிடும். மஞ்சளும் காப்பித்தூளும் குழிக்குள் போனால் நான் கழுவி எடுக்க வேண்டிய குப்பைதான். உதட்டுக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வலிக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பாரசிட்டமால். ஆஸ்பிரின் கூடாது. மண்ணில் விழுந்த காயம் என்றால் டெட்டனஸுக்கான டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று பார்த்து வையுங்கள்.

கம்பி கட்டியிருக்கிறார்கள். எத்தனை நாள்? என்ன சாப்பிடலாம்?

விழுந்து திருப்பி வைத்த பல்லுக்கு இரண்டு வாரம். எலும்போடு இடம் பெயர்ந்ததற்கும் வேர் நடுவில் முறிந்ததற்கும் நான்கு வாரம். ஈறுக்கு மிகப் பக்கத்தில் வேர் முறிந்திருந்தால் நான்கு மாதம்கூட ஆகலாம். கம்பி 0.4 மி.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல், பல் கொஞ்சம் அசையும்படிதான் கட்டுவோம். "டாக்டர், இன்னும் லேசா ஆடுதே, இறுக்கிக் கட்டக் கூடாதா?" என்று கேட்பார்கள். அந்த அசைவு வேண்டும். இரும்பு போல இறுக்கினால் எலும்போடு ஒட்டிப்போக வாய்ப்பு அதிகம்.

இரண்டு வாரத்துக்கு மெதுவான சாப்பாடு: இட்லி, குழைந்த சாதம், ரசம், முட்டை. முன்பல்லால் எதையும் கடிக்க வேண்டாம். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் ஊருக்குப் பெருமை. ஆனால் கட்டிய பல்லை நான் இரண்டாம் முறை ஒட்டுவது பெரும்பாலும் அதனால்தான். முறுக்கு, சீடை, கொய்யாக்காய், பொங்கல் கரும்பு எல்லாமே அதே பட்டியல். கொய்யாவை வெட்டிக் கடைவாயில் வைத்துச் சாப்பிடட்டும்.

வலிக்குப் பயந்து பல் தேய்க்காமல் இருப்பதுதான் பெரிய தப்பு. மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இரண்டு வாரத்துக்கு எழுதித் தருவோம்.

அடிபட்டு ஆறு மாதம் ஆகிறது. பல் கறுத்துக்கொண்டு வருகிறது. செத்துவிட்டதா?

செத்திருக்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஈறில் கொப்புளம், தட்டினால் வலி, எக்ஸ்-ரேயில் வேர் நுனியில் கறுப்பு நிழல், குளிர்ச்சிக்கு உணர்ச்சி இல்லாதது, இவற்றில் இன்னும் ஒன்றாவது சேர்ந்தால்தான் ரூட் கேனால் பேச்சு. குளிர்ச்சிப் பரிசோதனையும் அடிபட்ட முதல் மூன்று மாதம் ஏமாற்றும். உயிருள்ள பல்கூட அதிர்ச்சியில் பதில் சொல்லாமல் இருக்கும்.

பல் மஞ்சளாக மாறினால் அது வேறு சங்கதி. உள்ளே கூழ் இருந்த இடம் மெல்ல மெல்லக் கெட்டியாகி மூடுகிறது என்று அர்த்தம். பார்க்க நன்றாக இருக்காதே தவிர பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ரூட் கேனால் முடிந்த கறுத்த பல்லை உள்ளே மருந்து வைத்து வெளுக்கவும் வழி இருக்கிறது.

வலி இல்லை என்று தவணைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். விழுந்து வைத்த பல் என்றால் இரண்டு வாரம், நான்கு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை ஐந்து வருடமாவது வர வேண்டும். வேர் கரைவது வலிக்காது.

அண்ணா, எனக்கு 16 வயசு. பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கப் போய் நுனி உடைந்தது. வீட்டில் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் மட்டும் கூசுகிறது. விட்டுவிடலாமா?

தம்பி, கூசுகிறது என்றால் எனாமல் போய், அதற்கு அடியில் இருக்கும் டென்டின் திறந்திருக்கிறது என்று அர்த்தம். டென்டின் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள், அவை கூழ் வரைக்கும் போகும், கிருமிக்கு அதுவே வழி. இன்றைக்கு வந்தால் ஒரு ஃபில்லிங்கோடு முடியலாம். ஒரு வருடம் கழித்து வீங்கிய ஈறோடு வந்தால் ரூட் கேனாலும் வரும், அதற்கு உன் அப்பா கையெழுத்தும் வேண்டும். எப்படி உடைந்தது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டிய விதத்தை நான் சொல்லித் தர மாட்டேன். ஆனால் எனக்கு மட்டும் உண்மையைச் சொல். ஹேர்பின், சேஃப்டி பின், சோடா மூடி, கிரிக்கெட் பந்து, ஒவ்வொன்றும் பல்லை உடைக்கும் விதம் வேறு. பந்து பட்டிருந்தால் வேரையும் பக்கத்துப் பற்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சிரிக்கும்போது கையால் வாயை மூடுவது, குரூப் போட்டோவில் பின்வரிசைக்குப் போவது என்று ஒரு வருடமாகச் சமாளித்துவிட்டு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அரை மணி நேர வேலைக்கு ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

பல் போயே போய்விட்டது. பையனுக்கு 14. உடனே இம்ப்ளான்ட் போடலாமா?

கூடாது. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல். அவனுக்குத் தாடை இன்னும் வளர்கிறது. மற்றப் பற்கள் எலும்போடு சேர்ந்து இறங்கும், எலும்போடு ஒட்டிய இம்ப்ளான்ட் வைத்த இடத்திலேயே நிற்கும். நாலைந்து வருடத்தில் அது மட்டும் குட்டையாக, ஈறுக்குள் ஒதுங்கித் தெரியும். வளர்ச்சி நின்ற பிறகுதான் இம்ப்ளான்ட், பையன்களுக்குப் பெரும்பாலும் இருபதைத் தாண்டிவிடும்.

அதுவரை கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட் இருக்கிறது. அல்லது பக்கத்துப் பல்லின் பின்புறம் சிறு இறக்கை போல ஒட்டி நிற்கும் மேரிலாந்து பிரிட்ஜ். பக்கத்து நல்ல பற்களைச் செதுக்கிச் சாதாரண பிரிட்ஜ் போடுவதற்கு இந்த வயதில் நான் சம்மதிக்க மாட்டேன். கிளிப் போடும்போது எப்படியும் எடுக்கப் போகும் சிறு கடைவாய்ப்பல்லை முன்னால் கொண்டுவந்து நடும் முறையும் உண்டு. வேர் முழுசாக வளராத வயதில்தான் அது நன்றாகப் பிடிக்கும், அனுபவமுள்ள கையும் வேண்டும்.

என் மகளுக்கு எத்துப்பல். ஆபத்து அதிகம் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நாலில் ஒருவருக்கு எப்படியும் பல்லில் அடிபடுகிறது என்று உலக அளவில் கணக்குச் சொல்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் மேல் நடுப்பல் இரண்டில் ஒன்று. மேல்பல் கீழ்ப்பல்லைவிட 3 மி.மீ.க்கு மேல் முன்னால் நின்றால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதடு மூடாமல் பல் வெளியே தெரிந்துகொண்டே இருந்தால் இன்னும் மோசம், அடியைத் தாங்க மெத்தை இல்லை. பையன்களுக்கு அதிகம் என்பதும் உண்மை, ஆனால் அடிபம்புக் கைப்பிடி மேலே எகிறுவதும், தண்ணீர் குடிக்கும்போது பின்னால் இருந்து தோழி தள்ளிவிடுவதும் ஆண் பெண் பார்ப்பதில்லை.

கிளிப் போடலாம். ஏற்கெனவே அடிபட்ட பல் என்றால் லேசான காயத்துக்கு மூன்று மாதமாவது பொறுங்கள், கடுமையானதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம்.

கிரிக்கெட்டுக்கு மவுத்கார்டு தேவையா? குத்துச்சண்டைக்காரர்கள்தானே போடுவார்கள்?

ரப்பர் பந்துக்கு நான் வற்புறுத்த மாட்டேன். கார்க் பந்து, தையல் பந்து என்றால் பேட்ஸ்மேனுக்குக் கம்பி வைத்த ஹெல்மெட். கீப்பரும் கிட்ட நிற்கும் ஃபீல்டரும்தான் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். ஹாக்கிக்கும் கபடிக்கும் கட்டாயம் வேண்டும் என்பேன். கபடியில் அடுத்தவன் முழங்கையும் குதிகாலும் சரியாக வாய் மட்டத்துக்கு வருகின்றன.

கடையில் கிடைக்கும் ஒரே அளவு ரகம் வாயில் நிற்காது, மூச்சு முட்டும், பையன் பைக்குள் போட்டுவிடுவான். வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் ரகம் பரவாயில்லை. அளவெடுத்து ஈ.வி.ஏ. பிளாஸ்டிக்கில் 3, 4 மி.மீ. கனத்தில் செய்து தருவதுதான் சரி, அதைப் போட்டுக்கொண்டு பேசவும் கத்தவும் முடியும். வளரும் வயதில் வருடா வருடம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் காரின் டேஷ்போர்டில் வைத்தால் வளைந்துவிடும்.

பைக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டக் கூடாது என்பது சட்டம். பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் மோவாயை மூடும் முழு ஹெல்மெட்டாக வாங்குங்கள். தொப்பி மாதிரி அரை ஹெல்மெட் மண்டையைக் காக்கலாம், பல்லைக் காக்காது.

பள்ளியில் நடந்த சண்டையில் உடைந்தது. இது போலீஸ் கேஸா?

ஆகலாம். பலருக்குத் தெரியாது: எலும்பு முறிவோடு பல் முறிவையும் பல் இடம் பெயர்வதையும் நம் சட்டம் கொடுங்காயம் என்றே வைத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 320, 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 116. வேண்டுமென்றே விளைவித்தால் ஏழு வருடம் வரை சிறை உண்டு. அடித்தவனும் பதினெட்டு ஆகாதவன் என்றால் விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும். புகார் கொடுப்பதா, இரு வீட்டாரும் பேசிச் சிகிச்சைச் செலவை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. எதுவானாலும் முதல் நாளே அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்கி வையுங்கள். எக்ஸ்-ரேயும் போட்டோவும் அன்றைய தேதியில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து வந்து "அன்றைக்கே உடைந்தது" என்று எழுதித் தரச் சொன்னால் என்னால் முடியாது.

செலவுக்கு வழியில்லை. எங்கே போவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளிக் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. ஆனால் வேரோடு விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ் ஏறாதீர்கள். பக்கத்தில் இருக்கும் எந்தப் பல் மருத்துவராவது முதலில் வைத்துக் கட்டட்டும். மீதிச் சிகிச்சைக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.

தம்பிக்கு நாலு வயது. அவன் முன்பல்லும் விழுந்துவிட்டது. அதையும் திருப்பி வைக்கலாமா?

கூடாது. பால்பல்லைத் திருப்பி வைத்தால் அதற்கு மேலே எலும்புக்குள் வளரும் நிலைப்பல் சேதமாகும். பல்லைப் பத்திரமாக எடுத்து வந்து காட்டுங்கள், முழுசாக விழுந்ததா, வேர் உள்ளே நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.

நான் பி.டி. ஆசிரியர். பள்ளி முதலுதவிப் பெட்டியில் இதற்கென்று என்ன வைக்கலாம்?

மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று, 100 மி.லி. சலைன் பாட்டில் இரண்டு, கையுறை, காஸ் துணி. பள்ளி கேன்டீனிலோ பக்கத்துக் கடையிலோ பால் எத்தனை மணி வரை இருக்கும் என்று கேட்டு வையுங்கள், சாயங்காலப் பயிற்சி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். பக்கத்துப் பல் மருத்துவர்கள் இரண்டு பேரின் எண்களைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எடுப்பவராக இருக்கட்டும். சலைன் பாட்டிலில் தேதி பார்த்து வாங்குங்கள். திறந்த பாட்டிலை மூடி மறுபடி பெட்டியில் வைக்காதீர்கள்.